கேட்காமல் வெளுத்த முகங்கள்

குடும்பப் படம் எடுப்பதுதான் என் தொழில். கண்டி, பேராதனை, கம்பளை, கலஹா, புசல்லாவை என்று சுற்றுவட்டாரக் குடும்பங்கள் என்னைத் தேடி வருகின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுத்த நிறத்தவர்கள், என்னைப் போலவே. பல வருடங்களாக அவர்களுடைய முகங்களை அவர்களிடம் கேட்காமலே வெளுக்க வைத்துக் கொடுத்தேன். அதற்குக் காசும் வாங்கினேன். செய்தது பிழை. எப்படிச் செய்தேன், ஏன் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

தொலைபேசியில் நாள் குறிப்போம். ஒரு தொகை அட்வான்ஸ். என்ன நிறத்தில் உடுத்தலாம் என்று கேட்பார்கள், சொல்வேன். குறித்த நாளில் பேராதனைத் தாவரவியல் பூங்கா வாசலில் சந்தித்து, டிக்கெட் எடுத்து உள்ளே போவோம். 1821இல் தொடங்கிய பூங்கா. மகாவலி வளைத்து ஓடும் 147 ஏக்கர். பெரிய புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் ஜாவா அத்தியின் கீழ் ஒரு படம், பாக்கு மரத்தைப் போல நெடுநெடுவென்று வளர்ந்த பனை வரிசைக்கு நடுவே இன்னொரு படம். முதலில் எல்லோரும் சேர்ந்து. பிறகு தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகள், பிறகு தம்பதிகள். சின்னவர்கள் களைத்து அழத் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். சில நாள் கழித்து ஸ்டூடியோவுக்கு வந்து பிடித்த படங்களைத் தெரிவு செய்வார்கள். அதன் பிறகு எடிட்டிங், பிரிண்ட், பிரேம். தெரிவுக்கும் பிரேமுக்கும் இடையில் கம்ப்யூட்டர் முன் நான் மட்டுமே இருப்பேன். வாடிக்கையாளர் அந்த அறையைப் பார்ப்பதே இல்லை. நான் வெளுத்ததெல்லாம் அங்கேதான்.

ஏன் வெளுக்க வேண்டி வந்தது? கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால், பின்னால் வானம் பளீரென்று இருந்தால், அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெள்ளை வேட்டி அழகாக விழும். கறுத்த முகத்தில் கண்ணும் மூக்கும் இருட்டோடு போகும். மர நிழலில் இன்னொரு சிக்கல். புல்லில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி வந்து தாடைக்கடியிலும் கன்னத்திலும் ஏறும். கறுத்த தோலில் அது சாம்பல் பூத்த மாதிரித் தெரியும்.

இதற்கெல்லாம் வழி உண்டு. குடும்பத்தை நிழலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, திறந்த வானத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். ஒளியை முகத்தில் அளக்க வேண்டும். பக்கத்தில் நின்று வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இவ்வளவுதான். அதை நான் ஒழுங்காகக் கற்கவில்லை. பலகை தூக்கி வரச் சோம்பல், உதவியாளுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லை. கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் தேர்ந்து இரண்டு இழுப்பு இழுத்தால் இருட்டும் பச்சையும் ஒன்றாய்ப் போய்விடும். கூடவே அவர்களுடைய நிறமும் போய்விடும்.

“சனங்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிலர் கேட்டது உண்மை. “கொஞ்சம் வெள்ளையா வர்ற மாதிரிப் பண்ணுங்கண்ணா” என்று, பெரும்பாலும் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டார் கேட்பார்கள். அந்தச் சிலர் சொன்னதை, ஒன்றுமே சொல்லாத எல்லோர் தலையிலும் கட்டினேன். கேட்காத குழந்தைகளின் முகத்தைக்கூட விடவில்லை.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓய்ந்த அப்பாயி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல வெளுத்துக் கொடுத்தேன். அவர் இறந்த பிறகு, வீட்டில் பெரிதாக மாட்ட அவரை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொல்லி மகள் வந்தார். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். முகம் ஒரு நிறம், பேரன் தோளில் கிடந்த கை இன்னொரு நிறம். கையைத் தொட நான் மெனக்கெட்டிருக்கவில்லை. நரம்பு புடைத்து, விரல் நுனி கறை ஏறி, கை கையாகவே இருந்தது.

“தம்பி, கை மட்டுந்தான் எங்கம்மா கை. நீங்க புடிச்சப்ப எப்படி இருந்துச்சோ அந்தப் படத்தையே தாங்க” என்றார்.

அந்தப் படம் என்னிடம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று, எடிட் செய்ததை வைத்துக்கொண்டு மூலக் கோப்புகளை அழித்துவிடுவது என் வழக்கம். அதையாவது சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று பொய் சொன்னேன். “பரவால்ல தம்பி” என்று வெளுத்த படத்தையே வாங்கிக்கொண்டு போனார். இருந்ததை இருந்தபடி வைக்கவும் தவறினேன், உண்மையைச் சொல்லவும் தவறினேன்.

பழியைப் பங்கு போட ஆள் இல்லாமல் இல்லை. கோடக் நிறுவனத்தின் வண்ண அச்சு பல காலம் ‘ஷெர்லி’ அட்டை எனப்பட்ட, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படத்தை வைத்தே சரிபார்க்கப்பட்டது. கறுத்த முகம் விவரமில்லாமல் போனதைவிட, மரத் தளவாடமும் சொக்கலேட்டும் செய்கிற கம்பெனிகள் தங்கள் சரக்கு சரியாக விழவில்லை என்று முறையிட்டதே கோடக்கை அசைத்தது என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். அதற்கும் முந்தைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தை வெளுத்தார்கள். ஆனால் என் கையில் இருந்தது இந்தக் காலத்துக் கேமரா. எந்த நிறத்தையும் உள்ளபடி பிடிக்கும். பிடிக்கத் தெரியாதவன் நான்தான்.

இந்த மலையில் கேமராவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1870களிலேயே ஸ்கோவன் என்பவர் கண்டியில் ஸ்டூடியோ நடத்தினார். 1875இல் இலங்கைக்கு வந்த ஜூலியா மார்கரெட் கேமரன் தோட்டத் தொழிலாளரைப் படம் எடுத்தார். 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் எடுத்த நம் சனங்களின் முகங்களுக்குக் கீழே பெரும்பாலும் பெயரில்லை. பிறகு 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளித் தமிழரான எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. கடவுச்சீட்டுக்காக வரிசையில் நின்று எடுத்த படம்தான் சில வீடுகளில் இருக்கும் மிகப் பழைய படம். ஒன்று கேமரன் பார்க்க விரும்பி எடுத்தது, இன்னொன்று அலுவலகம் முத்திரை குத்தக் கேட்டது. எல்லாம் அடுத்தவர் தேவைக்கு எடுத்த படங்கள். அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்தக் காசில், தங்கள் சொந்தச் சுவரில் மாட்ட, தாங்களே ஆசைப்பட்டு ஒரு படம் கேட்டு வந்தபோது, நான் வேறு யாருடைய நிறத்தையோ பிரேம் போட்டுக் கொடுத்தேன். இதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இப்போது ரெஜிபோம் பலகை பிடிக்க ஒரு தம்பி கூட வருகிறார். மூலக் கோப்பு எதையும் அழிப்பதில்லை. பிரிண்ட் போடுவதற்கு முன் எடுத்ததையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். வெளுக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம், எடுத்தபடியே ஒரு பிரதியும் வாங்கி வையுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

யாரிடம் குடும்பப் படம் எடுத்தாலும், எடிட் செய்யாத கோப்பையும் கேட்டு வாங்குங்கள். என்னிடம் எடுத்தவர்கள் படத்தோடு வாருங்கள். மூலம் இருந்தால் காசில்லாமல் மறுபடி பிரிண்ட் போட்டுத் தருகிறேன். அழித்துவிட்டிருந்தால், அழித்துவிட்டேன் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.