புணரியலும் பற்சக்கரமும்

நன்னூற் புணரியலைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் அறியாமல் இரு சொற்களைப் புணர்த்தலாகாது என்று ஆண்டுதோறும் புதிய முகங்களுக்குச் சொல்லி வருகின்றோம். அவ்விதியை யாமே மறந்து, ஏலகிரி மலைச்சாலையின் நடுவே, சங்கிலி நழுவிய மிதிவண்டியோடு நின்ற ஒரு காலைப் பொழுதைப் பற்றியதே இக்கட்டுரை.

எம் அத்தா தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வாடகை மிதிவண்டிக் கடை வைத்திருந்தார். ஒரு வண்டியின் மிதிகட்டை மற்றொரு வண்டிக்குப் போகும். ஒன்றின் சங்கிலி இன்னொன்றில் ஓடும். எந்த நிறுவனத்தின் வண்டி என்று அவர் கேட்டதை யாம் கண்டதில்லை. ஆகவே, மிதிவண்டியில் எதையும் எதனோடும் சேர்க்கலாம் என்ற எண்ணம் எம் உள்ளத்தில் இளமையிலேயே படிந்துவிட்டது. அத்தாவின் வண்டிகள் யாவும் பின்னால் ஒற்றைப் பற்சக்கரம் கொண்டவை. அளவுகளும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் அவை ஒன்றோடொன்று பொருந்தின என்பது எமக்கு நாற்பது வயதுக்குப் பின்னரே விளங்கியது.

நாற்பத்து நான்காம் வயதில் குருதியில் சர்க்கரை கூடியது. நடக்கவோ மிதிவண்டி ஓட்டவோ வேண்டும் என்றார் மருத்துவர். ஒருவர் பயன்படுத்திய சாலைப் பந்தய வகை வண்டி ஒன்றை வாங்கினோம். முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரு சக்கரங்கள். பின்னால் பத்துச் சக்கரங்களின் அடுக்கு, அதனுள் பெரியது 28 பற்கள் கொண்டது. சமவெளியில் அது பறந்தது. ஏலகிரி மலை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுடையது. பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். தமிழாசிரியன் ஒருவன் ஏறிப் பார்க்க வேண்டிய சாலை அது. யாமோ கபிலர் வளைவிலேயே மூச்சிழந்து திரும்பினோம். கபிலரைக் கண்டும் பாரியைக் காண இயலாத துயரம் எமக்கு.

காரணம் கணக்கில் இருந்தது. முன்னால் 34 பற்களும் பின்னால் 28 பற்களும் இருந்தால், மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.5 மீட்டர் முன்னேறும். பின்னாலும் 34 பற்கள் இருந்தால் 2.1 மீட்டர்தான் முன்னேறும். தூரம் குறையும் அளவுக்குக் காலின் சுமையும் குறையும். அத்தகைய பெரிய பற்சக்கரங்கள் மலை வண்டிகளுக்கு உரியவை. மலை வண்டியின் பத்துச் சக்கர அடுக்கையும், சங்கிலியைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளும் டீரெய்லர் என்னும் கருவியையும் வரவழைத்தோம். எம் வண்டியும் பத்து, வந்த கருவியும் பத்து. இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் முத்திரை. வேறென்ன வேண்டும் என்று யாமே பொருத்தினோம். முற்றத்தில் சங்கிலி கரகரத்தது. ஓட ஓடப் படிந்துவிடும் என்று கருதினோம். மலையில் அது பெரிய சக்கரத்தை எட்டவே இல்லை. அழுத்தி மிதித்தபோது இரு சக்கரங்களுக்கிடையே தத்தளித்து நழுவியது. மீண்டும் அதே கபிலர் வளைவு!

வண்டியைச் சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றி, பக்கத்து நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றவர் எம் துறையின் இரண்டாமாண்டு மாணவர். எம் முதல் மணி வகுப்புக்குப் பெரும்பாலும் வராதவர். இரு வாரங்களுக்கு முன்னர்தான் வருகைக் குறைவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே யாம் கையொப்பமிட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தோம். 'படிப்பில் நாட்டமில்லாதவர்' என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை சொல்லியும் இருந்தோம்.

அவர் வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றினார். கைப்பிடியில் உள்ள ஷிஃப்டரை ஒவ்வொரு சொடுக்காகத் தட்டி, எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தார். பின்பு சொன்னார்: “ஐயா, உங்கள் ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் கம்பியை இழுக்கிறது. பழைய டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நகரும். பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் அதுதான். நீங்கள் வாங்கியது 1.2 மடங்குதான் நகரும், 2.8 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஒரு படிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. ஒன்பது படி ஏறுவதற்குள் பத்து மில்லிமீட்டர் குறைந்துவிடும்.”

“அப்படியானால் இது பழுதான பொருளா, தம்பி?” என்று கேட்டோம்.

“பழுதில்லை ஐயா. இதற்குரிய ஷிஃப்டர் இதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.”

பின்னர் அவர் கடையின் மூலையிலிருந்து பழைய மலை வண்டி டீரெய்லர் ஒன்றை எடுத்து வந்தார். அது ஒன்பது சக்கர அடுக்குக்காகச் செய்யப்பட்டது. ஷிமானோ நிறுவனம் 2010 அளவில் தன் பத்துச் சக்கர மலை வண்டிக் கருவிகளில் கம்பியின் இழுவிகிதத்தை மாற்றிவிட்டது; அதற்கு முந்தைய ஒன்பது சக்கரக் கருவியின் விகிதமோ எம் சாலை வண்டியின் விகிதமே. பத்தோடு பத்துச் சேரவில்லை. பத்தோடு ஒன்பது சேர்ந்தது! யாம் வாங்கிய பற்சக்கர அடுக்கு மட்டும் மாற்றமின்றி அப்படியே பொருந்தியது. பத்துச் சக்கர அடுக்குகளில் சாலைக்கும் மலைக்கும் சக்கர இடைவெளி ஒன்றே.

எம்மை அறியாமல் வகுப்புக் குரல் வந்துவிட்டது. “தம்பி, இது புணர்ச்சியல்லவா! பொன்னும் மலையும் பொன்மலை ஆவது போல அடுக்கு இயல்பாகப் புணர்ந்தது. பல்லும் சக்கரமும் பற்சக்கரம் ஆகையில் லகரம் றகரமாவது போல டீரெய்லர் திரிந்தது. சிலர் பெரிய சக்கரத்துக்கு இடம் தருவதற்காக டீரெய்லரைத் தொங்கவிட ஒரு சிறு இணைப்புத் துண்டைச் சேர்க்கிறார்களே, அது தோன்றல். முன்புறத்தில் ஒற்றைச் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு முன் டீரெய்லரைக் கழற்றிவிடுகிறார்களே, அது கெடுதல்” என்று அடுக்கினோம்.

அவர் திருகுகளை முடுக்கியவாறே பணிவாகச் சொன்னார்: “அந்தப் பாடம் முதல் மணியில் நடந்தது, ஐயா.”

அச்சொல் எம்மைச் சுட்டது. விசாரித்தோம். அதிகாலையில் கடையைத் திறப்பவர் அவர்தாம். வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களின் வண்டிகளைக் காலை ஒன்பதரை வரை பழுது பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினால் இரண்டாம் மணிக்குத்தான் கல்லூரியை அடைய முடியும். தந்தை இல்லை, தங்கை பள்ளியில் படிக்கிறாள். ஈராண்டுகளில் ஒருமுறையேனும் யாம் அவரைக் காரணம் கேட்டதில்லை. மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை அளந்து பேசுபவரைத்தான் நாட்டமில்லாதவர் என்று எழுதியிருந்தோம்.

அன்றிரவு மலை வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் மலையை அடுத்த பகுதிகளில், பழைய கனத்த வண்டிகளில் இளைஞர்கள் மலைச்சரிவில் இறங்கி விளையாடினர். 1976 அக்டோபர் 21ஆம் நாள் 'ரீபேக்' என்னும் முதற்போட்டி நடந்தது. கேரி ஃபிஷர் போன்றோர் அப்பழைய வண்டிகளில் பல்விசைக் கருவிகளைப் பூட்டினர். 1981இல் விற்பனைக்கு வந்த ஸ்டம்ப்ஜம்பர் என்னும் மலை வண்டியிலும் நெடும்பயண வண்டிகளுக்கான பிரெஞ்சு நாட்டு மிதிதண்டும் ஜப்பானியச் சன்டூர் டீரெய்லரும் இருந்தன. மலை வண்டி என்னும் இனமே கலப்பில் பிறந்ததுதான். அந்நாளைய விசைநெம்பில் சொடுக்கு இல்லை. ஓட்டுபவரின் செவியும் விரலும் சங்கிலியின் இடத்தைத் தேடிக் கண்டன. 1984இல் ஷிமானோ சொடுக்கு முறையைப் பந்தய வண்டிக்குக் கொண்டு வந்தபின், தேடும் பொறுப்பு விரலிடமிருந்து அளவுக்கு மாறியது. எளிமை கூடியது, பொருந்தாதவற்றுக்கு இடங்கொடுக்கும் பொறுமை குறைந்தது.

எம் வருகைப் பதிவேடும் ஒரு சொடுக்குக் கருவியே என்று தோன்றியது. அது வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. அளவின்றி எக்கல்லூரியும் நடவாது. ஆயினும் சொடுக்குக்கு அகப்படாத இடத்தில் ஆசிரியனின் செவியும் விரலும் தேட வேண்டாமா?

மறுநாள் முதல்வரிடம் எழுத்தில் விளக்கம் கொடுத்தோம். மாணவர் அபராதக் கட்டணம் செலுத்தித் தேர்வெழுத இசைவு கிடைத்தது. அக்கட்டணத்தை யாம் செலுத்த முன்வந்தபோது அவர் ஒப்பவில்லை. தம் கூலியிலிருந்தே கட்டினார். எம் பிழைக்கு அவர் கட்டிய தொகை அது. அதை ஈடுசெய்ய எமக்கு வழி தெரியவில்லை. அடுத்த பருவத்தில், உடன்பணியாற்றும் நண்பர் ஒருவரின் இசைவோடு, புணரியல் வகுப்பை மூன்றாம் மணிக்கு மாற்றிக்கொண்டோம். அந்த மாணவர் முன்வரிசையில் அமர்ந்தார்.

யாம் தவறாக வாங்கிய டீரெய்லர், தனக்குரிய ஷிஃப்டர் பூட்டிய ஒரு மலை வண்டியில் இப்போது ஓசையின்றி ஓடுகிறது. யாமும் கபிலரைக் கடந்து, ஔவையை வணங்கி, பாரி வளைவில் நின்று தண்ணீர் அருந்தினோம், உச்சியையும் அடைந்தோம்.

இப்பருவத்தின் வருகைக் குறைவுப் பட்டியல் எம் மேசைமேல் இருக்கிறது. நான்கு பெயர்கள். கையொப்பமிடும் முன் நால்வரையும் தனித்தனியே வந்து பார்க்கச் சொல்லியிருக்கின்றோம்.