பாடமாக்காத பாட்டு

"வாற வெள்ளி எங்கை போறாய்?" என்று அப்பா கேட்டார்.

ஒரு ஜாஸ் கச்சேரிக்கு என்றேன். மூன்று பேர்தான்: வைப்ரபோன், டபுள் பேஸ், ட்ரம்ஸ்.

"என்ன பாட்டு வாசிப்பினம்?"

"தெரியாதப்பா. அவைக்கே இன்னும் முழுசாத் தெரியாது."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "காசு குடுத்து வாற சனத்துக்கு முன்னாலை பாடமாக்காமலோ போய் நிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

ஸ்காபரோவில் வளர்ந்த பல பிள்ளைகளைப் போல நானும் சனிக்கிழமைகளில் சங்கீத வகுப்புக்குப் போனவள். பதினைந்து வயதில், ஆண்டு விழாவில், மோகனத்தில் ஒரு கீர்த்தனை பாடினேன். அதன் முடிவில் கற்பனாஸ்வரம். பெயரில்தான் கற்பனை; எல்லாம் ஆசிரியை நீலக் கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு எழுதித் தந்தவை. அவரைக் குறை சொல்லமாட்டேன். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வந்துபோகும் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

மேடையில் பாதியில் மறந்துபோனேன். மோகனத்தில் இருப்பது ச ரி க ப த, ஐந்தே ஐந்து ஸ்வரங்கள். அவற்றை வைத்து எதையாவது பாடிச் சமாளித்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது கொப்பியில் இருந்த வரிசை மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிருதங்கம் வாசித்தவர் இரண்டு சுற்று தனியாக வாசித்துக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. அதைப் பற்றி அப்பா என்னோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, வைப்ரபோனுக்கு வருவோம். சில பாடசாலைகளின் இசை அறையில் ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள், அதன்மேல் யாருடையவோ ஜாக்கெட் கிடக்கும். பியானோக் கட்டைகள் போல அடுக்கிய அலுமினியப் பட்டைகள், வழக்கமாக 37, மூன்று ஸ்தாயிகள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் ஒரு சின்னத் தட்டு. மோட்டார் அதைச் சுழற்றும்போது குழாய் மூடித் திறந்து, ஒலி அலையலையாக வரும். காலடியில் ஒரு பெடல்: மிதித்தால் ஒலி நீளும், விட்டால் நின்றுவிடும்.

1920களில் அமெரிக்காவில் பிறந்த வாத்தியம் இது. 1930இல் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவு ஒன்றில் லயனல் ஹாம்ப்டன் வாசித்தார். ஜாஸ் அதைப் பிடித்துக்கொண்டது. மில்ட் ஜாக்சன் மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டுப் பாட்டுக்காரர் போல வாசித்தார். கேரி பர்ட்டன் கைக்கு இரண்டாக நான்கு குச்சிகள் பிடித்தார். எங்கள் ரொறொன்ரோவிலும் பீட்டர் ஆப்பிள்யார்ட் என்றொருவர் பல காலம் வாசித்தார், 2013இல் இறந்தார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் விறைப்பாகத்தான் இருக்கும். ஜலதரங்கம் கேட்டவர்களுக்கு அவ்வளவு அந்நியமாக இராது.

போன குளிர்காலத்தில் இதே மூவரை, சிநேகிதி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனதால், கேட்டேன். முதலில் மூவரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசித்தார்கள். பிறகு அந்தச் சுற்று, நம் தாளம் போலவே, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒவ்வொருவராகப் புதிய மெட்டுக் கட்டினார்கள். கற்பனாஸ்வரம்! ஆனால் கொப்பி இல்லை. பியானோவும் இல்லாததால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

ஒரு இடத்தில் வைப்ரபோன்காரரின் குச்சி பக்கத்துப் பட்டையில் விழுந்தது. எனக்கே பிழை என்று கேட்டது. பெடல் மிதித்திருந்ததால் அந்த ஸ்வரம் போகாமல் அறைக்குள் தொங்கிக்கொண்டு நின்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரோ பெடலை விடவில்லை. அதே பட்டையை வேண்டுமென்றே இன்னொருதரம் தட்டினார். டபுள் பேஸ்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், கீழே தன் ஸ்வரத்தை மாற்றினார். மூன்றாவது தரம் அது பிழையாகவே கேட்கவில்லை. ட்ரம்ஸ்காரர் அதற்கொரு தட்டுப் போட்டார், முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்த மிருதங்கக்காரரின் ஞாபகம். அந்த இரண்டு சுற்றும் அவர் என்னைத்தான் பார்த்து வாசித்தார். திரும்பி வா என்று கூப்பிட்டிருக்கிறார். நான் தலை நிமிரவேயில்லை.

இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். நீலக் கொப்பியையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அண்டைக்கு நீ என்னத்தைப் பாடியிருந்தாலும் எனக்குப் பிழை தெரிஞ்சிருக்காது பிள்ளை," என்றார். "எனக்கெங்கை சங்கீதம் தெரியும்? நீ பாடுறதைக் கேக்கத்தானே வந்தனான்."

பிறகு, தேத்தண்ணியை எடுத்துக்கொண்டே, "உந்த வெள்ளிக்கிழமை ரிக்கெற் இன்னும் கிடக்கோ?" என்றார்.

கிடந்தது. இரண்டு எடுத்திருக்கிறேன். வெள்ளி மாலை ஆறரைக்குக் கென்னடி நிலையத்தில் சப்வே எடுக்கிறோம். நீங்களும் வருவதென்றால் மேடைக்கு இடப்பக்கம் நில்லுங்கள், அங்கிருந்து பெடல் தெரியும். மொத்த ஸ்வெற்றர் போட்ட, கை தட்டுவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்தான் அப்பா.