‘கபடி’ன்னு சொல்ல வருதா? அதுதான் மவுத் கார்டுக்கு டெஸ்ட்!

செம்மங்குப்பம் என்றால் இப்போது பலருக்கும் 2025 ஜூலையில் பள்ளி வேன் மீது ரயில் மோதிய அந்த லெவல் கிராஸிங்தான் ஞாபகம் வரும். டெஸ்க்கில் உட்கார்ந்து அந்தப் பெயரை டைப் செய்யும்போது எனக்கும் கை ஒரு நொடி நின்றுவிடும். எனக்கு அது சித்தி ஊர். கடலூர் - சிதம்பரம் ரோட்டில், சிப்காட் பக்கம். பொங்கல் லீவுக்குப் போனால் பேச்செல்லாம் கபடிதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கத்தோடு திரும்பிய பிறகு, சின்னப் பசங்களைக் கையில் பிடிக்கவே முடியவில்லை.

என் சித்தி மகனுக்கு 17 வயது. கார்னரில் நிற்பான். பாட வந்தவனின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிற வேலை. பிடிக்கிறவன் முகம் எங்கே இருக்கும்? உதறுகிற குதிகாலுக்கு நேராக. அப்படி ஒரு உதறலில் அவனுடைய முன்பல் பாதி உடைந்துபோனது. கீழ் உதட்டில் மூன்று தையல். “ஒத்தப் பல்லுக்கே இந்தச் செலவா?” என்று சித்தப்பா புலம்ப, சித்தி ஒரே வார்த்தையில் கபடியை நிறுத்திவிட்டார்.

அவனுக்கு அதுதான் பெரிய அடி. “அக்கா, நீ சொன்னா அம்மா கேப்பாங்க” என்று போன் செய்தான். பல்லுக்குக் கவசம் போட்டால் விடுவீர்களா என்று கேட்டேன். “போட்டுக் காட்டட்டும்” என்றார் சித்தி.

குத்துச்சண்டைக்காரர்கள் வாயில் கடித்திருப்பார்களே, அதுதான் மவுத் கார்டு. 1890-களில் லண்டனில் வூல்ஃப் கிராவுஸ் என்ற பல் மருத்துவர் கட்டாபர்ச்சா என்ற மரப்பாலில் செய்து, குத்துச்சண்டை வீரர்களின் மேல்வரிசைப் பல்லில் ஒட்டிவிட்டதில் தொடங்கிய கதை இது. எங்கள் பக்கத்து ஊர் மேட்ச்களில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. காரணம் காசு மட்டும் இல்லை. குத்துச்சண்டையில் வாயை மூடிக்கொண்டு ஆடலாம். கபடியில் பாடியாக வேண்டும். ‘கபடி கபடி’ என்று நடுவர் காதில் தெளிவாக விழாவிட்டால் ரைடு போச்சு.

முதலில் அவனே கடையில் ஒன்று வாங்கி வந்தான். அப்படியே மாட்டிக்கொள்கிற ரெடிமேட் வகை. அது விழாமல் இருக்க எந்நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாயைத் திறந்ததும் கீழே விழுந்தது. அடுத்து வாங்கியது வெந்நீரில் போட்டுக் கடிக்கிற வகை. சித்தியின் அடுப்படியிலேயே வேலை நடந்தது. கொதித்த தண்ணீரில், அட்டையில் போட்டிருக்கும் நொடிக் கணக்குக்கு முக்கி எடுத்து, வாய் சுடாமல் இருக்கக் குளிர்ந்த நீரில் ஒரு முறை நனைத்து, மேல்வரிசையில் வைத்துக் கடிக்க வேண்டும். அதே சமயம் உள்ளே உறிஞ்சி, வெளியிலிருந்து விரலால் கன்னத்தையும் உதட்டையும் அழுத்த வேண்டும். ரொம்ப அழுத்திக் கடித்தால் அடிப்பகுதி மெலிந்துவிடும். மெலிந்தால் அடி பல்லுக்கே போகும்.

“இப்ப பாடுடா” என்றார் சித்தி.

“ஹவழி... ஹவழி...”

வீடே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

‘கபடி’யை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ப’வுக்கு உதடு ஒட்ட வேண்டும். ‘டி’க்கு நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொட வேண்டும். முன்பக்கம் தடித்திருந்தால் ‘ப’ போகும். அண்ணத்துப் பக்கம் ஓரம் நீண்டிருந்தால் ‘டி’ போகும். சிதம்பரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். (அண்ணாமலை நகரில் 1980-ல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, நம் மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.) உடைந்த பல்லை முதலில் சரிசெய்தார். பிறகு மாவு போன்ற பசையைத் தட்டில் வைத்து மேல்வரிசையில் அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் வார்த்து, அந்த மாதிரிப் பல்வரிசை மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சிப் படியவைத்துச் செய்கிறார்கள். கடைச் சரக்கைவிட விலை பல மடங்கு அதிகம்தான். ஆனால், வாயைத் திறந்தாலும் விழவில்லை. அண்ணத்து ஓரத்தை அவர் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்ததும் ‘டி’ திரும்பி வந்தது.

மவுத் கார்டு போட்டால் தலையில் அடிபட்டாலும் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன. அதற்கு ஆதாரம் இன்னும் உறுதியாகவில்லை. இது பல்லையும் உதட்டையும் காப்பதற்கு, அவ்வளவுதான்.

மருத்துவர் சொன்ன இன்னொரு விஷயத்தை அவன் டீமுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பால் பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம். ஆட்டத்தில் முழுசாக விழுந்த நிலைப்பல்லை எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அந்தக் குழியிலேயே பொருத்திக்கொண்டு, இல்லையென்றால் பாலில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

இப்போது அவன் மவுத் கார்டு ஓட்டை போட்ட ஒரு டப்பாவில், சித்தியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது சித்திதான். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும் என்று அவருக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

போன வாரம் போன் வந்தது. “அக்கா, டீம்ல இன்னும் ரெண்டு பேர் கேக்கறானுங்க. சிவப்பு கலர்ல கிடைக்குமா?” அமெச்சூர் குத்துச்சண்டையில் சிவப்புக்கு அனுமதி இல்லை, ரத்தம் வந்தால் நடுவருக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நீலம்” என்றான்.