மேசைக் கொடியும் இலைப் பொட்டலமும்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சிக்காக ஒருமுறை 'நான் விரும்பும் உணவகம்' என்று தலைப்புக் கொடுத்தேன். எளிய தலைப்புத்தான். ஆயினும் அக்கட்டுரைகளைத் திருத்தியபோது பிழை செய்தவன் நான். அதைத்தான் இப்பாடத்தில் சொல்லப் போகிறேன்.

நான் பணியாற்றும் பள்ளி பெங்களூரில் இருக்கிறது. தமிழை விருப்பப் பாடமாகப் பயில வருவோர் சிலரே. அவர்களுடைய பெற்றோர் பிழைப்புக்காகவோ பணிமாறுதலாலோ ஊரை விட்டு வந்தவர்கள். நானும் அப்படி வந்தவனே. பிறந்து வளர்ந்தது தேனி மாவட்டத்துக் கம்பம்.

அன்று ஒரு மாணவி, தணலில் வாட்டிய உணவைப் பரிமாறும் பெரிய உணவகம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தாள். இத்தகைய உணவகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்பெக்யூ நேஷன் என்னும் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மும்பையில் தன் முதல் கடையைத் திறந்தது. இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு பல நகரங்களில் கிளை பரப்பியிருக்கிறது. அங்கே மேசையின் நடுவிலேயே தணல் அடுப்பைப் பதித்து வைத்திருப்பார்கள். கம்பிகளில் கோத்த கோழி, மீன், பன்னீர், அன்னாசித் துண்டு ஆகியவை அதன்மேல் வந்து அமரும். உண்ணும் அளவுக்குக் கணக்கில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே விலை. மேசைமேல் ஒரு சிறு கொடி நிற்கும். அது நிமிர்ந்திருக்கும்வரை கம்பிகள் வந்துகொண்டே இருக்கும். கொடியை இறக்கிவிட்டால் 'போதும்' என்று பொருள்.

மாணவி இவற்றையெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால், "விடுமுறையில் தாத்தா என்னை அழைத்துச் சென்ற புகை படிந்த கடையைவிட இதுவே எனக்குப் பிடிக்கும்" என்ற வரியை அடைந்ததும் என் பேனா நின்றது. அதன்பின் இருந்த வரிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டேன். 'நம் ஊரின் சுவை அறியாமல் எழுதியிருக்கிறாய்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்.

மறுநாள் அவள் ஏட்டுடன் வந்தாள். "ஐயா, இதில் பிழை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். 'பரிமாறினார்கள்' என்பதைப் 'பறிமாறினார்கள்' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு றகரத்தைக் காட்டினேன். அவள் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். ஓர் எழுத்துக்கு ஆறு மதிப்பெண் குறையுமா என்று அவள் கேட்கவில்லை.

அவளுடைய தாத்தாவின் ஊர் எது, அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. புகை படிந்த கடை என்றதும் எனக்குக் கம்பம்மெட்டு நினைவுக்கு வந்துவிட்டது. உண்மையில் என் கோபம் அங்கிருந்துதான் வந்தது.

கம்பத்திலிருந்து மேற்கே மலையேறும் சாலை வளைந்து வளைந்து சென்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைத் தொடும் இடமே கம்பம்மெட்டு. சாலையில் சோதனைச் சாவடி உண்டு. கடைகளின் பெயர்ப் பலகைகளில் இரண்டு மொழிகள் உண்டு. அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். விடியுமுன்னே கீழிருந்து ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மேலே போகும், மாலையில் இறங்கும். அவற்றில் ஒரு ஜீப்பை ஓட்டியவர் என் தந்தை.

வாரக் கூலி கைக்கு வரும் நாளில் அவர் மெட்டில் ஒரு கடையில் நிறுத்துவார். ஓலைச் சார்ப்பு, இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு, அவ்வளவுதான் கடை. உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி உலர்த்திய இறைச்சி அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும். கேட்டவுடன் அதை எடுத்துத் தணலில் வாட்டி, உரலில் சின்ன வெங்காயத்தோடும் காய்ந்த மிளகாயோடும் இடித்துத் தருவார் கடைக்காரர். அவர் அதை 'இடியிறச்சி' என்பார். நாங்கள் உப்புக்கண்டம் என்போம். ஒரே உரலில் இரண்டு மொழி இடிபட்டதாக இப்போது எனக்குத் தோன்றுகிறது. சிறுவனாய் இருந்தபோது அதெல்லாம் தோன்றவில்லை. வாய் ஊறியது, அவ்வளவே.

அந்த இறைச்சி எல்லா நாளும் ஒன்றுபோல் இராது. வெயில் நன்றாய் அடித்த வாரத்தில் மணக்கும். மழைக்காலத்தில் சரியாக உலராமல் புகை நாற்றம் தூக்கலாக இருக்கும். சில நாள் உப்புக் கரிக்கும். கையில் பணமில்லாத வாரத்திலும் அப்பா கேட்டால் கடைக்காரர் பற்று எழுதிக்கொண்டு கொடுப்பார். "டிரைவர் அண்ணாச்சி, போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் இன்னும் ஒரு கை அள்ளி வைப்பார்.

கொடியின்மீது எனக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது இதனால்தான். சங்க நூலான பொருநராற்றுப்படையில் கரிகாலன், பசித்து வந்த பொருநனுக்கு இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை வற்புறுத்தி வற்புறுத்தி உண்பிக்கிறான். இரவும் பகலும் இறைச்சி தின்று, உழுத கொழுப்போலப் பற்கள் மழுங்கிவிட்டனவாம். அங்கே போதும் என்பதை விருந்தினன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே ஒரு கொடி சொல்லிவிடுகிறது. இப்படியெல்லாம் எண்ணி என் நான்கு மதிப்பெண்ணுக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது தம்பியுடன் மெட்டுக்குச் சென்றேன். பழைய கடை இருந்த இடத்தில் சிமெண்டுக் கட்டடம் நின்றது. வாசலில் கரியடுப்பு. முழுக்கோழியைப் பிளந்து விரித்து, மசாலா பூசி, கம்பி வலைக்குள் அழுத்தித் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். அதன் பெயர் அல்ஃபாம். அரபு மொழியில் அச்சொல்லுக்குக் கரி என்றே பொருள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்று திரும்பிய மலையாளிகளோடு கேரளத்துக்கு வந்த உணவு. உப்புக்கண்டம் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் இப்போ யார் கேட்கிறாங்க?" என்றார். அல்ஃபாம் நன்றாகவே இருந்தது. தம்பி இரண்டாவது தட்டும் வாங்கினான். எதை 'நம் ஊரின் சுவை' என்று எழுதினேனோ அது அந்த ஊரிலேயே இல்லை. இருந்ததும் கடல் கடந்து வந்ததாக இருந்தது.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியின் ஏட்டை வாங்கி முதலிலிருந்து படித்தேன். நான் கவனியாமல் விட்ட வரிகள் இவை: "எங்கள் வீட்டில் அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவார். ஊரிலும் அப்படித்தான். தாத்தா அழைத்துச் சென்ற கடைக்கு அம்மா வரவில்லை. இந்த உணவகத்தில் அம்மா எங்களோடு உட்கார்ந்தார். அடுப்பு எங்கள் மேசையிலேயே இருந்தது. ஆனால் அம்மா அதைத் தொடவில்லை. வேறு யாரோ அம்மாவுக்குப் பரிமாறினார்கள். கொடியை அம்மாதான் இறக்கினார்."

அதில் 'பரிமாறிவிட்டு' என்னும் சொல்லை அவள் சரியாகவே எழுதியிருந்தாள். பிந்திய இடத்தில்தான் றகரம் வந்திருந்தது.

நான்கை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். ஓரக் குறிப்பையும் அடித்தேன். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் நான் செய்த தவற்றைச் சொன்னேன்; மெட்டுக் கடையைப் பற்றியும் சொன்னேன். சுவையில் அந்த உப்புக்கண்டத்துக்கு நிகரில்லை என்ற என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நகரத்து உணவகத்தின் இறைச்சி மெத்தென்று இருக்கிறது, எந்த ஊரிலும் ஒரே சுவை தருகிறது; ஆனால் அதில் வெயில் இல்லை. இதைச் சொன்னதும் மாணவர்கள் சிரித்தார்கள்.

அவள் கையை உயர்த்தினாள்.

"ஐயா, அந்தக் கடையில் உங்கள் அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடுவார்களா?"

சற்று நேரம் எனக்குப் பதில் வரவில்லை. என் தாய் கம்பம்மெட்டுக் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அப்பா வாழையிலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். நானும் தம்பியும் தின்று முடித்தபின், இலையில் ஒட்டியிருந்த வெங்காயத்தையும் மிளகாயையும் சோற்றில் பிசைந்து அம்மா உண்பார்.

அப்படியே சொன்னேன்.