சாக்ஸ் போடச் சொல்லித் தந்த கோச்

திங்கள்

பக்கத்து ஊர்ப் பள்ளியுடன் இன்று கூடைப்பந்து நட்பு ஆட்டம். அவர்களுடைய கோச் ஆட்டம் முடியும்வரை தொண்டை வறளக் கத்தினார். “ஓடு! ஓடு!”, “என்னம்மா விளையாடுற?”, “ஆட்டிட்யூட் வேணும்!” டிஃபென்ஸில் எந்தக் காலை முன்னால் வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இவற்றில் எது உதவும்? ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் எங்கள் பிள்ளை அவளைத் தாண்டிப் போய் லே-அப் போட்டாள்.

ஜான் வூடனைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர் வூடன். அவருடைய கடைசிப் பருவமான 1974–75-ல் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சி நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். அவற்றில் முக்கால் பங்கு வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போது செய். பாராட்டு நூற்றுக்கு ஏழுகூட இல்லை. கண்டிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீண்ட பிரசங்கம் கிடையாது. ஒருவன் தவறாகச் செய்தால் முதலில் சரியானதைச் செய்துகாட்டுவார், பிறகு அவன் செய்ததைச் செய்துகாட்டுவார், மறுபடியும் சரியானது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

அவர் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். கோச் என்பவர் வாத்தியார்தான், வகுப்பறைக்குக் கூரை இல்லை, அவ்வளவே. ஊக்கப் பேச்சால் கோப்பை வரும் என்று நம்புகிறவர்கள் சினிமாவை அதிகம் பார்த்தவர்கள்.

செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை நொண்டிக்கொண்டே வந்தாள். ஷூவைக் கழற்றச் சொன்னேன். குதிகாலில் கொப்புளம். ஷூ ஓர் அளவு பெரியது. “வளர்ற பிள்ளைன்னு அம்மா பெருசா வாங்கிட்டாங்க சார்.” தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லாத வீடு எது?

வூடனிடம் வந்தவர்கள் பள்ளிக்கூட ஆட்டத்தில் நாடே அறிந்த நட்சத்திரங்கள். அவர்களுக்கு முதல் நாள் பாடம் சாக்ஸ் போடுவது. விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சுருக்கம் நிற்காமல் இழுத்துவிட வேண்டும். பிறகு ஷூவின் கயிற்றைத் துளை துளையாக இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட வேண்டும். கால் அளவையும் அவரே பார்ப்பார், ஏனென்றால் அந்த நட்சத்திரங்களில் பலரும் பெரிய ஷூதான் மாட்டியிருந்தார்களாம். பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் கணக்கு நேரானது: சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு, பயிற்சி போனால் ஆட்டமும் போச்சு.

மனப்பான்மை என்று எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம். அது குதிகாலில் தொடங்குகிறது என்று எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்?

புதன்

மழை. சிமென்ட் கோர்ட்டில் தண்ணீர். பயிற்சி இல்லை.

தலைமையாசிரியர் கூப்பிட்டு, “இந்த வருஷம் மாவட்டக் கோப்பை வருமா சார்?” என்றார். வூடன் யூசிஎல்ஏ-வில் சேர்ந்தது 1948. முதல் தேசியப் பட்டம் 1964, அவருடைய 16-வது பருவத்தில். இதைத் தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு பி.டி. சாரைத் தேடத் தொடங்கிவிடுவார்.

வியாழன்

“சார், ட்வெல்த் அக்கா பந்தே தர மாட்டேங்கிறாங்க.” இந்தப் புகார் வராத பெண்கள் அணி உண்டா? ஆண்கள் அணியிலும் உண்டு. அங்கே புகாராக வராது, கைகலப்பாக வரும்.

யூசிஎல்ஏ-வில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கூடையில் போட்டவன், பந்து கொடுத்தவனைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும், அல்லது சிரிக்க வேண்டும். அவன் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டானாம். நிச்சயம் பார்ப்பான் என்றாராம் வூடன். மனிதர்களைத் தெரிந்தவர்.

பெரிய ஆட்டக்காரனை என்ன செய்வது என்பது இதைவிடச் சிக்கல். பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆன லூ அல்சிண்டர், 7 அடி 2 அங்குல உயரம். அவரை மட்டும் நம்பி ஆட்டத்தை அமைத்திருந்தால் புள்ளிச் சாதனை எல்லாவற்றையும் உடைத்திருப்பார். வூடன் அப்படி அமைக்கவில்லை, அல்சிண்டரும் கேட்கவில்லை. மூன்று பருவங்களில் 88 வெற்றி, 2 தோல்வி, மூன்று பட்டங்கள். கோச் நினைத்தால் மட்டும் இது நடக்காது. நட்சத்திரம் சம்மதிக்க வேண்டும். அணியின் மற்றவர்கள் கோச்சைவிட நட்சத்திரத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

நாளையிலிருந்து ட்வெல்த் அக்காவுக்குத் தலையசைப்புப் பொறுப்பு. பந்து கூடையில் விழுந்ததும் அவள் அசைக்க வேண்டும்.

வெள்ளி

வூடனைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. நீளமுடியும் தாடியும் வேண்டாம் என்பது அவர் கட்டளை. அவருடைய ஆட்டக்காரர் பில் வால்டன் அது தன் உரிமை என்று வாதாடினார். கொள்கைப் பிடிப்புள்ளவர்களை மதிக்கிறேன், நீ இல்லாமல் எங்களுக்குக் குறையாகத்தான் இருக்கும் என்கிற பொருளில் வூடன் பதில் சொல்ல, வால்டன் சைக்கிளில் முடிவெட்டும் கடைக்கு ஓடினார். கேட்கச் சுவையான கதை. ஆனால் தாடிக்கும் ரீபவுண்டுக்கும் என்ன சம்பந்தம்? இரட்டைப் பின்னலுக்காக இங்கே பிள்ளைகள் வாங்கும் திட்டைப் பார்க்கிறவன் நான். இந்த விஷயத்தில் என் ஓட்டு வால்டனுக்கே.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. பணக்கார ஆதரவாளர் ஒருவர் யூசிஎல்ஏ ஆட்டக்காரர்களுக்கு விதிக்குப் புறம்பாகச் சலுகைகள் செய்துவந்தார் என்பது பின்னாளில் வெளியானது. வூடன் ஓய்வு பெற்று ஆறு ஆண்டு கழித்து, 1981-ல், பல்கலைக்கழகம் தண்டனைக்கு உள்ளானது. சாக்ஸின் சுருக்கத்தைப் பார்த்த கண் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்வி.

ஞாயிறு

மாவட்டப் போட்டிக்கு முன் யார் கேப்டன் என்று சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். பெற்றோர் இருவர் போனிலும் கேட்டுவிட்டார்கள். தன் பெண் பெஞ்சில் உட்காருவதுதான் ஒருவருக்கு வருத்தம். “பெஞ்சுல உட்காரவா சார் அஞ்சு மணிக்கே எழுந்து வர்றா?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. கடைசி ஆளை ஒரு கோச் எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதில்தான் அவருடைய தலைமை தெரியும், முதல் ஐந்து பேரில் இல்லை.

நாளை பிள்ளைகளை உட்காரவைத்து கிளாரன்ஸ் வாக்கரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். 1947-ல் வூடன் இண்டியானா ஸ்டேட் கல்லூரியின் கோச். கான்சஸ் சிட்டியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கறுப்பின வீரர்கள் ஆடக் கூடாது என்பது போட்டியின் விதி. அணியில் கறுப்பினத்தவர் வாக்கர் ஒருவர்தான், அவரும் முதல் ஐவரில் ஒருவர் அல்ல. அவரை விட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஆட்டத்தில் பெரிய இழப்பு இருந்திருக்காது. வூடன் அழைப்பை மறுத்துவிட்டார். மறு ஆண்டு விதி மாறியது. வாக்கர் களம் இறங்கினார், அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். இண்டியானா ஸ்டேட் இறுதி ஆட்டம்வரை போய் லூயிவில் அணியிடம் தோற்றது. அதே 1948-ல்தான் வூடன் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். பத்துப் பட்டங்களும் அதற்குப் பிறகு வந்தவை.