நீலம் ஒட்டுகிற இடம்

தொழிற்பழகுநர் உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் குழுமம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அந்தச் செய்தியை வாட்ஸப்பில் அனுப்பிய நண்பர், “எழுதறதுக்கு முன்னாடி எங்க மாமாவைப் பார்த்துட்டு வா” என்றார். மாமாவுக்கு ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் போகிற சந்தில் ஒரு லேத் பட்டறை. விசைப்படகுகளின் ஷாஃப்ட், புஷ், கப்ளிங் எல்லாம் அங்கே பழுதுபார்க்க வரும்.

லேத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிடிபடவில்லை. கண் போனதெல்லாம் வைஸ் பக்கம்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒரு பையன் இரும்புக் கட்டையைக் கவ்வ வைத்து அராவிக்கொண்டிருந்தான்.

“தள்ளசொல்லோதான்பா வெட்டும். இஸ்துக்கினு வர்றப்போ இன்னாத்துக்கு அழுத்துறே? பல்லு போய்டும்” என்றார் மாமா.

அரம் எளிய கருவி என்றுதான் நினைத்திருந்தேன். புது அரத்தை முதலில் பித்தளையில் போட்டுப் பழக்கிவிட்டுத்தான் இரும்புக்குக் கொண்டுவருவார்களாம். பல்லிடுக்கில் துகள் அடைக்காமலிருக்கச் சாக்பீஸ் தேய்க்கிறார்கள். பழகாத கை ஏற்றம்போல் மேலும் கீழும் ஆடும். கட்டையின் நடுப்பகுதி மேடாகிவிடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி கசியும். சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் நீலத்தை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் கட்டையைத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அங்கே மட்டும் அராவ வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி தேய்ப்பு, மறுபடி நீலம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பொறுமை போய்விட்டது.

மாமா 1980களில் ஐடிஐ ஃபிட்டர் முடித்து எண்ணூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். “மிசினைத் தொடவே உடமாட்டாங்க தம்பி. மொதல்ல அரம், அப்பறமும் அரம். பத்து தௌ கொறைஞ்சா இன்ஸ்ட்ரக்டர் கட்டைய ஸ்கிராப்புல எறிஞ்சிட்டு வேற கட்டை குடுப்பாரு.” தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிறகு பராமரிப்புப் பிரிவு, விருப்ப ஓய்வு, இந்தப் பட்டறை. இன்றைக்கும் விரலால் தடவியே மேட்டைச் சொல்லிவிடுகிறார். பையன் நீலம் வைத்துப் பார்த்தால் அங்கேதான் ஒட்டுகிறது.

இப்படி எத்தனை கைகளைப் பழக்கிய வட்டாரம் இது! 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி லேலண்டாக மாறிய ஆலை எண்ணூரில். புல்லட்டைக் கட்டிய என்ஃபீல்டு திருவொற்றியூரில். எம்.ஆர்.எஃப். 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகையும் திருவொற்றியூர்தான்.

பையனும் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்திருக்கிறான். எங்கே என்று நான் எழுதப்போவதில்லை. வருடம் முழுக்க லைனில் ஒரே இடம், கையில் காற்றுத் துப்பாக்கி, அதே நான்கு போல்ட். “இன்னா கத்துக்கினேன்னு இன்டர்வியூல கேக்கறாங்க சார். நட்டு டைட் பண்ணேன்னா சொல்றது?” வருடம் முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு அடுத்த பேட்ச் வந்துவிட்டது.

இதில் சட்டமீறல் என்று எளிதில் எதையும் காட்ட முடியாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சிக்குப் பின் வேலை தரும் கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. 1973இல் டிப்ளமோக்காரர்களும் பட்டதாரிகளும் இதற்குள் வந்தார்கள். 2019 விதிகள்படி டிப்ளமோவுக்குக் குறைந்தபட்சம் மாதம் 8,000 ரூபாய். அதில் பாதியை மத்திய அரசின் திட்டம் திருப்பித் தருகிறது. ஆக, முதலாளியின் கையிலிருந்து போவது 4,000. அந்தக் காசுக்கு ஒரு முழு ஷிஃப்ட்! கற்றுக்கொடுக்கிறோம் என்பதால்தானே குறைந்த காசு? கற்றுக்கொடுப்பதை உருவிவிட்டால் மிச்சம் என்ன, மலிவுக் கூலிதானே? இதற்கு ஆள் பிடித்துத் தர நடுவில் ஏஜென்சிகள் வேறு. ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் திரட்டி, ஒரே அறையில் அடைத்து, வேனில் ஏற்றி இறக்குகிறார்கள். உதவித்தொகையை உயர்த்தட்டும், வேண்டியதுதான். அரத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்க ஓர் இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பது யார்?

இவ்வளவையும் மாமாவிடம் கொட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இவனுக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்றேன்.

“நாளுக்கு ஐந்நூறு. டீ, டிபன் நம்ம கணக்கு.”

“பி.எஃப்.?”

“எனக்கே இல்லியேப்பா.”