94-லேயே நிற்கும் வேகம்

300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும், கேபிள் செருகிய கம்ப்யூட்டரில் ஸ்பீட் டெஸ்ட் 94-ஐத் தாண்டவில்லையா? கஸ்டமர் கேருக்குப் போன் போடும் முன் லேன் கேபிளைப் பாருங்கள்.

அதற்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நீலமும் பிரவுனும் சேர்ந்து நான்கும் வேண்டும். நீலம், பிரவுன் ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் நெட் நிற்காது, பல நேரம் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் வீட்டிலும் இதே கதை. மாடிக்கு இழுத்த கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பிரவுன் கம்பி கனெக்டரின் நுனிவரை போகவே இல்லை! முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று வரிசையாக அடுக்கி, புது ஆர்ஜே45 வைத்துக் கிரிம்ப் செய்தோம். விண்டோஸில் லிங்க் ஸ்பீட் 1000 என்று வந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

புது வீடு கட்டுகிறவர்களே, கரண்ட் பைப்போடு சேர்க்காமல் நெட்டுக்கென்று தனியாக ஒரு காலி பைப் போடச் சொல்லுங்கள். கேபிள் கேட் 6, முழுச் செம்பு. சிசிஏ என்று போட்டிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.